முதல் பக்கத்து யானைக்காசு

லாரி சீட்டு தைத்த பொம்பளையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று இதுவரை இரண்டு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். மூன்றாவது ஆள் கேட்பதற்குள் எழுதிவிடுகிறேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். தபால் ஆபீஸ் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்தவளுக்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் இந்தக் கதையில் வருகிற கோபத்தில் பாதி என்மேலேயே எனக்கு உள்ளது. அதையும் மறைக்கப் போவதில்லை.

ஜான் பீ அக்கா அதியமான்கோட்டைக்காரி. ரோட்டோரம் அவள் தம்பி மஸ்தானுக்கு ஒரு குஷன் கடை இருந்தது. சேலத்துக்கும் பெங்களூருக்கும் போகிற லாரிகள் அங்கே நின்று சீட்டு தைத்துக்கொண்டு போகும். கல்லாவில் உட்காருவது மஸ்தான். ரெக்ஸின் வெட்டுவது, தேங்காய் நார் அடைப்பது, தைப்பது, விளிம்பில் பித்தளைத் தலை ஆணியை வரிசை பிசகாமல் அடிப்பது எல்லாம் அக்கா. அவளைக் கிருஷ்ணகிரியில் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டே வருஷத்தில் திரும்பி வந்துவிட்டாள். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்.

"தையல் சரியா உக்காரல. பிரிச்சிட்டேன்."

எனக்கு அவள் பழக்கமானது எண்பத்து நான்கில். தர்மபுரி தபால் ஆபீஸில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு பெரியவர் ஸ்டாம்பு வாங்கச் சில்லறையோடு ஒரு பழைய அணாவையும் தள்ளினார். "இது செல்லாதுங்க" என்று திருப்பித் தள்ளினேன். வரிசையில் அவருக்குப் பின்னால் முக்காடு போட்ட ஒரு பெண் கையை நீட்டி, "செல்லாததுதான் எனக்கு வேணும், இங்க குடுங்க" என்று சொல்லி, அதற்குப் பதிலாக நல்ல காசு ஒன்றை அவர் கையில் வைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் ஸ்டாம்பு, காசு என்று சேர்க்கிறவள்தான். அப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது. லாரிக்காரர்கள் கொடுக்கிற பழைய காசுகளை ஆணி டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். தர்மபுரியில் எங்களுக்கு ஒரு சேகரிப்போர் மன்றம் இருந்தது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். அக்காவை நான்தான் அங்கே கூட்டிக்கொண்டு போனேன்.

முதல் நாளே அவமானம். பக்கத்தில் மானாவாரிக் காடு வைத்திருக்கும் தீர்த்தகிரி என்பவர் டிராக்டர் சீட்டு தைக்க வந்தபோது, உழவில் கிடைத்தது என்று ஒரு செப்புக்காசைக் கொடுத்திருந்தார். ஒரு பக்கம் யானை நிற்கும். திப்பு காலத்துக் காசு. எங்கள் பக்கத்தில் மழை பெய்து மண் கரைந்தால் எப்போதாவது ஒன்று தலைகாட்டும், யானைக்காசு என்போம். பெரிய மனுஷர்கள் பார்க்கப் போகிறார்களே, அழுக்காகவா கொண்டுபோவது என்று அக்கா அதை ராத்திரி முழுக்கப் புளியில் ஊறப்போட்டு, காலையில் சாம்பலைத் தொட்டுத் தேய்தேய் என்று தேய்த்துவிட்டாள். எங்கள் ஊரில் புளிக்கா பஞ்சம்? பித்தளை, செம்பு எதுவாக இருந்தாலும் பளபளக்கும்வரை கை ஓயாது. காசு புதுச்செம்பு மாதிரி மின்னியது. யானைக்குத் தும்பிக்கை இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

மன்றத்தின் செயலாளர் அர்ச்சுனன் சார். பஸ் ஸ்டாண்டு பக்கம் பேனா, நோட்டுக் கடை வைத்திருந்தார். அந்தக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எரநூறு ரூபா காசும்மா இது. வெளக்கி வெளக்கி ஈயம் பூசாத கிண்ணமாக்கிட்டீங்களே" என்றார். பழைய காசைக் கழுவவே கூடாது, அந்தக் கறுப்புதான் அதற்குச் சட்டை என்று அக்காவுக்கு யார் சொன்னார்கள்? அறையே சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்கு முதுகுக்குப் பின்னால் 'புளிக்காசு' என்று பெயர்.

அக்கா அழவில்லை. பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, "தெரியாமக் கெடுத்துட்டேன் மேரி. இனி எங்கையால ஒரு காசு கெடாது" என்றாள். சொன்னதோடு சரி, வேறு புலம்பல் கிடையாது.

அடுத்த ஆவணியில் தீர்த்தகிரி இன்னொரு யானைக்காசோடு வந்தார். அதற்கு ஈடாக அக்கா அவர் டிராக்டருக்கு இரண்டு சீட்டு தைத்துக் கொடுத்தாள். இந்த யானை தும்பிக்கையிலிருந்து வால்வரை முழுசாக இருந்தது. நிறம் முற்றின புளியங்கொட்டை நிறம். அக்கா அதைக் கழுவவில்லை, தொடுவதற்குக்கூட யோசித்தாள். மன்றம் எண்பத்து ஆறு குடியரசு தினத்தன்று முதல் கண்காட்சி வைப்பதாக இருந்தது. ஒவ்வொரு சேகரிப்புக்கும் கீழே பெயர் எழுதிய அட்டை வைப்பார்கள். அக்காவின் பெயர் எழுதியிருந்த இடம் அதுவரை ரேஷன் கார்டு ஒன்றுதான். கடை போர்டில்கூட மஸ்தான் பெயர்தான். யானைக்கு அடியில் 'ஜான் பீ, அதியமான்கோட்டை' என்று எழுதியிருக்க வேண்டும், அதை நாலு பேர் படிக்க வேண்டும். அவளுக்கு வேறு எந்த ஆசையும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

காசை வைக்க ஆல்பம் வேண்டுமே. ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் அர்ச்சுனன் சார் கடைக்குப் போனோம். அக்கா கையில் சேர்த்து வைத்தது நாற்பத்தைந்து ரூபாய். அவர் பம்பாயிலிருந்து வந்த இரண்டு ஆல்பங்களை எடுத்துப் போட்டார். பெரியது தொண்ணூற்றைந்து, தங்க எழுத்து போட்ட அட்டை. சின்னது நாற்பது. இரண்டிலும் உள்ளே மெத்தென்ற கண்ணாடி பிளாஸ்டிக்கில் வரிசை வரிசையாகப் பைகள். காசைப் போட்டால் இரண்டு பக்கமும் தெரியும்.

"ஆரம்பிக்கறவங்களுக்குச் சின்னது போதும். இதவிட மலிவா உருப்படியா ஒண்ணு இந்த ஜில்லாவுலயே கெடைக்காது" என்றார்.

அக்கா அட்டையைப் பார்க்கவே இல்லை. நேரே உள்ளே ஒரு பக்கத்தைப் பிரித்தாள். பையை விரலால் தேய்த்தாள். இரண்டு பக்கங்களைச் சேர்த்து அழுத்திப் பிரித்தாள். ஒட்டிக்கொண்டு வந்தன. பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். கடைப்பையன் சிரித்தான்.

"சார், இது புது சீட்டு கவர் வாசனைங்க."

"என்னது?"

"புது சீட்டு மேல கண்ணாடி பிளாஸ்டிக் போடுவமில்லைங்களா, அதேதான். டிரைவருங்க அதப் பிரிக்கவே மாட்டாங்க, புதுசு மாதிரியே இருக்கட்டும்னு அப்பிடியே ஓட்டுவாங்க. ஒரு வெயில் காலம் போச்சுன்னா அது எண்ணெய் மாதிரி வேர்க்கும். அடியில இருக்கற பித்தளை ஆணியெல்லாம் பச்சை பூத்து பிசுபிசுன்னு ஆயிடும். நான் பிடுங்கிப்போட்ட ஆணி எத்தினியோ இருக்கும்ங்க. ஆணிக்கு ஆவறது காசுக்கு ஆவாதா?"

அர்ச்சுனன் சாருக்குச் சுருக்கென்றது. "பம்பாய்ல பெரிய பெரிய காசு சேக்கறவங்கல்லாம் இதுலதான் வெக்கறாங்க. நீங்க புளி போட்டவங்க, உங்களுக்கு..." என்று இழுத்து நிறுத்தினார்.

"புளி போட்டதாலதாங்க கேக்கறேன்" என்றாள் அக்கா. "காகிதத்துல, அட்டையில ஏதாச்சும் இருக்குங்களா?"

இல்லை என்றார். அவள் விடவில்லை. உதிரியாக ஒரே ஒரு பிளாஸ்டிக் பக்கத்தை இரண்டு ரூபாய்க்குக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? நாற்பது ரூபாய் ஆல்பத்தை வாங்கிக்கொண்டேன். என் அப்பா சவுரியப்பன் விட்டுப்போனது நூலில் கோத்த ஏழு ஓட்டைக் காலணாக்கள். நடுவில் ஓட்டை உள்ள அந்தக் காசுகளை அவர் வாலிப வயதிலிருந்து வைத்திருந்தார். அவை பளிச்சென்று கண்ணாடிக்குள் தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை. அக்கா என்னைத் தடுக்கவில்லை. "முகந்து பாத்துட்டு வாங்கு மேரி" என்றாள். நான் முகர்ந்து பார்க்கவில்லை.

அவள் தர்மபுரியில் பைண்டிங் செய்பவரிடம் போய்க் கனமான வெள்ளை அட்டை வாங்கினாள். ரெக்ஸினில் ஓட்டை போடுகிற வட்ட உளிகள் அவளிடம் எல்லா அளவிலும் இருந்தன. ஒவ்வொரு காசின் அளவுக்கும் பொருத்தமான உளியை வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. காசு இறுக்கமாக உட்காரும். பின்னால் துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய மல்லுத்துணி, முன்னால் மூட ஒரு மெல்லிய வெள்ளைத் தாள். சீட்டு தைக்கிற நூலால் முதுகைத் தைத்தாள். பின்னாளில் பக்கம் சேர்க்க வேண்டும் என்றால் முடிச்சை அவிழ்த்துச் சேர்க்கலாம். எல்லாம் சேர்த்துப் பதினொரு ரூபாய்.

முதல் பக்கத்தில் யானைக்காசு. முழு யானை இல்லை, புளி போட்ட யானை. அதன் கீழே ஐந்தாம் வகுப்பு எழுத்தில் பெரிதாக எழுதியிருந்தாள்: 'புளி போட்டு நான் கெடுத்தது. ஜான் பீ.' முழு யானை இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

"எதுக்கு அக்கா இத முதல்ல வெக்கறீங்க? மானம் போவுது" என்றேன்.

"சிரிக்கறவங்க முதல்லயே சிரிச்சு முடிச்சிடட்டும். அப்பறம் பாக்க வேண்டியதப் பாப்பாங்க" என்றாள்.

இதற்கிடையில், இரண்டு ரூபாய்க்கு வாங்கின பிளாஸ்டிக் பக்கத்தில் இரண்டு பித்தளை ஆணிகளைப் போட்டுக் கடையின் தகரக் கூரைக்கு அடியில் செருகி வைத்திருந்தாள். டிசம்பர் கூட்டத்துக்கு அதை எடுத்துக்கொண்டு வந்தாள். மூன்று மாதம்தான், அதுவும் மழை, குளிர். பிளாஸ்டிக் லேசாக மங்கியிருந்தது. ஆணியைச் சுற்றி இலேசாகப் பச்சை ஈரம். அதைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். ஒருவர், "ஆணி சேகரிப்போர் மன்றம்னு தனியா ஆரம்பிச்சுடலாமே" என்றார். மறுபடியும் சிரிப்பு.

அர்ச்சுனன் சார் அன்றைக்கே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கண்காட்சியில் எல்லா ஆல்பமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், தாளும் துணியும் தைத்த அட்டையெல்லாம் மேஜைமேல் வைத்தால் மன்றத்துக்கு அழகா? ஆதரிக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார்.

நான் கை தூக்கினேன். அக்கா சொல்வது சரி என்றால் நாற்பது ரூபாய் கொடுத்த நான் முட்டாள் என்று ஆகிவிடும். அதைத் தவிர வேறு காரணமே இல்லை. அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பார்த்தாள், அப்புறம் எழுந்தாள்.

"ஆல்பத்த மாத்துனா என் பேர எழுதி வெப்பீங்க. அப்பிடித்தானுங்களே?"

"தாராளமா. மாத்திக்கிட்டு வாங்க, முன்வரிசையிலயே வெக்கறோம். உங்க யானை நல்ல யானை."

அவளுக்கு அந்தப் பெயர் அட்டை எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"ஒருதரம் உங்க எல்லாருக்கும் பளபளன்னு காட்டணும்னு ஆசப்பட்டுதான் ஒரு யானையக் கெடுத்தேன். இன்னொரு யானையையும் அதுக்கே குடுக்க மாட்டேன். என் பேரு எங்கயும் போயிடாது" என்று சொல்லிவிட்டு, ஆணி வைத்த பிளாஸ்டிக்கை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

கண்காட்சி அன்று காலை மண்டபத்து வாசலில் ஒரு கூத்து. மஸ்தான் சைக்கிள் கேரியரில் புத்தம்புது லாரி சீட்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் இறக்கினார். காசு சேர்ப்பது பைத்தியக்காரத்தனம் என்று அக்காவை நாள் தவறாமல் திட்டுகிற மனுஷர் அவர்தான். என்ன பாய் நீங்களே கொண்டுவந்திருக்கீங்க என்று கேட்டேன்.

"எங்கக்காவப் பைத்தியம்னு நான் சொல்லலாம். இவனுங்க யாரு சொல்றதுக்கு?" என்றார்.

சிவப்பு ரெக்ஸின், விளிம்பு முழுக்கப் பித்தளை ஆணி. அதன்மேல் அக்கா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து மடியில் அட்டை ஆல்பத்தைப் பிரித்து வைத்துக்கொண்டாள். உள்ளே போகிறவர்கள் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் பக்கத்தைப் படித்துவிட்டுச் சிரித்தவர்கள் இரண்டாம் பக்கத்து யானையைக் குனிந்து பார்த்தார்கள். அர்ச்சுனன் சார் இரண்டு தடவை வெளியே வந்து, கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார். "மரத்துக்கும் உங்க மன்றத்துல தீர்மானம் போட்டுருக்கீங்களா சார்?" என்று கேட்டாள். அவர் விறுவிறுவென்று உள்ளே திரும்பிப் போனார். நான் உள்ளே என் கண்ணாடி ஆல்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே போய் அவள் பக்கத்தில் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டு கோடை போயிற்று. எண்பத்து ஏழு ஜூனில் அப்பாவின் நினைவு நாளுக்காக டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ஆல்பத்தை விரித்ததும் குப்பென்று அந்த வாசனை அடித்தது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்தபோது என் விரலெல்லாம் பிசுபிசுப்பு. ஏழு ஓட்டைக் காலணாக்களும் பச்சைச் சளி பூத்துக் கிடந்தன. துடைத்த இடத்தில் அடியில் பள்ளம் பள்ளமாக அரித்திருந்தது. அப்பா அறுபது வயசுவரை சும்மா நூலில் கோத்து ஆணியில் மாட்டி வைத்திருந்த காசு. அப்போதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. நான் பெரிய மனுஷியாக ஆல்பத்தில் வைத்துக் கெடுத்துவிட்டேன். தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

நேரே அதியமான்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். அக்கா ஆல்பத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு காசையும் வெளியே எடுத்துப் பழைய மல்லுத்துணியில் ஒற்றி ஒற்றி எடுத்தாள். "தேய்க்காத. போனது போச்சு, இருக்கறதையாவது காப்பாத்தலாம்" என்றாள். நான் துணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே கடை வாசலில் அர்ச்சுனன் சார் சைக்கிளை நிறுத்தினார். கையில் தொண்ணூற்றைந்து ரூபாய் ஆல்பம். அவரிடம் ஐந்து யானைக்காசு இருந்தது ஊருக்கே தெரியும்.

அவர் ஆல்பத்தை மேஜைமேல் வைத்துப் பிரித்தார். ஐந்தும் பச்சை.

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அக்காவின் காதில், "புளி போட்டு வெளக்கச் சொல்லுங்க அக்கா" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "நீ கை தூக்கினவ. வாய மூடிக்கிட்டு துணியப் புடி" என்றாள். நான் துணியைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் காசுகளையும் அக்கா ஒற்றி எடுத்தாள். அவசரமே காட்டவில்லை. முடித்ததும் சொன்னாள்.

"வர்ற குடியரசு தினத்துக்கு என் அட்டை ஆல்பம் முன்வரிசையில இருக்கணுங்க சார். உங்க ஆல்பமும் இருக்கட்டும். முதல் பக்கத்துல இந்த அஞ்சுல ஒண்ண வெச்சு, யாரு கெடுத்ததுன்னு அடியில எழுதுங்க. புதுசா சேக்கறவங்க ஆல்பம் வாங்க உங்க கடைக்குதான வருவாங்க? அவங்க பாக்க வேணாங்களா?"

"அதெப்பிடிம்மா... நான் செயலாளரு. எனக்குன்னு ஒரு மரியாத..."

"என் மரியாத முதல் பக்கத்துலதான் ரெண்டு வருசமாக் கெடக்குது. யாரும் எடுத்துக்கிட்டுப் போயிடல."

அவர் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வழிக்கு வருவார் என்று நான் நினைக்கவில்லை.

எண்பத்து எட்டு கண்காட்சியில் முதல் மேஜையில் அக்காவின் ஆல்பம் இருந்தது. இரண்டாம் பக்கத்து யானை அதே புளியங்கொட்டை நிறத்தில் நின்றது. பக்கத்தில் மன்றத்து அட்டை: 'ஜான் பீ, அதியமான்கோட்டை'. அவள் அதை நாலைந்து தடவை படித்திருப்பாள். பிறகு பக்கத்து மேஜைக்குப் போனாள். அர்ச்சுனன் சார் அரித்த யானையை ஒரு வெள்ளை அட்டையில் முதலாவதாக வைத்திருந்தார். கீழே ஒன்றும் எழுதவில்லை.

"எழுதலீங்களா சார்?"

"அப்பறமா எழுதிக்கலாம்மா. ஆளுங்க வர்ற நேரம்."

"எழுதுங்க. நான் நிக்கறேன்."

நின்றாள். பின்னால் கூட்டம் சேர ஆரம்பித்தது. அவர் பேனாவை எடுத்து, 'பிளாஸ்டிக் உறையில் வைத்து நான் கெடுத்தது' என்று எழுதினார். அக்கா நகரவில்லை. பெயரையும் எழுதினார். அப்புறம்தான் நகர்ந்தாள்.

நேராக என் மேஜைக்கு வந்தாள். என் அப்பாவின் ஏழு ஓட்டைக் காலணாக்களை அக்கா தைத்துக்கொடுத்த அட்டையில் வைத்திருந்தேன். பள்ளங்கள் தெரியாத பக்கமாகத் திருப்பி வைத்திருந்தேன். அவள் ஒவ்வொன்றையும் நகத்தால் நெம்பிப் புரட்டிப் போட்டாள். ஏழையும் புரட்டி முடித்துவிட்டு, அர்ச்சுனன் சாரிடமிருந்து வாங்கி வந்த பேனாவை என்னிடம் நீட்டினாள்.

நான் எழுதினேன்: 'சவுரியப்பனின் காசு. முகர்ந்து பார்க்கச் சொல்லியும் கேட்காமல் நான் கெடுத்தது. லூர்துமேரி.'